வசனத்தை ஆழமாகப் படிக்கத் தொடங்குகிறீர்களா? எந்த முறையில் ஆரம்பிப்பது?

ஞானஸ்நானம் எடுத்த புதிதில் சிலருக்கும், பல வருடம் ஆலயத்துக்குப் போய்வந்த பிறகு சிலருக்கும் இந்த ஆசை வருகிறது: பிரசங்கத்தில் கேட்பதோடு நிற்காமல் நானே உட்கார்ந்து வசனத்தை ஆழமாகப் படிக்க வேண்டும். ஆசை வந்த கையோடு குழப்பமும் வந்துவிடும். ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் வாசித்து முடி என்பார் ஒருவர். தினம் ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணினால் போதும் என்பார் இன்னொருவர். கன்கார்டன்ஸ் வாங்கு, விளக்கவுரை இல்லாமல் தொடாதே, ஆப் இறக்கிக்கொள் என்று ஆளுக்கொரு யோசனை. எல்லாமே நல்ல மனதோடு சொல்லப்படுபவைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க முடியாது. முதலில் எதைக் கையில் எடுக்கிறோமோ அதுவே நம் வாசிப்புப் பழக்கமாகிவிடும் என்பதால், கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடங்குகிறவர் ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து, அதை முழுதாக, திரும்பத் திரும்ப வாசித்து, வசனத்தை அதன் இடத்திலேயே வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். மற்ற முறைகள் அதற்குப் பிறகு, ஒவ்வொன்றாகச் சேரட்டும். ஏன் இந்த வரிசை என்பதை விளக்க, நம் வீடுகளில் காலண்டரிலும் கண்ணாடிச் சட்டத்திலும் தொங்கும் ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து என்ன தருகிறது என்று பார்ப்போம். எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’

தமிழ்ச் சபைகளில் பெரும்பாலோர் அறிந்த முறை, தனி வசனத்தை எடுத்துத் தியானிப்பது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அந்த வருடம் முழுக்க அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்போம். தின தியானப் புத்தகங்களும் இதே வழியில் போகின்றன: ஒரு வசனம், ஒரு பக்கம் விளக்கம், ஒரு ஜெபம். இதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வருவது மனப்பாடமாக இருக்கும் வசனம்தான். எரேமியா 29:11-ஐ அப்படிப் பிடித்துக்கொண்டு கடினமான காலங்களைக் கடந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

ஆனால் இந்த முறை வசனத்தை ஆழமாகப் படிப்பதற்கு உதவுமா? தனியாக இல்லை. வசனம் மட்டும் கையில் இருந்தால், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற கேள்வியே எழாது. ‘உங்கள்பேரில்’ என்ற இடத்தில் நம் பெயரை வைத்துக்கொள்வோம். அதோடு ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. புதுக்கடை திறக்கும்போதும் புது வேலையில் சேரும்போதும் அதிகம் எழுதப்படும் இன்னொரு வசனத்தைப் பாருங்கள்: ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.’ யோபு 8:7. இதைச் சொன்னது கர்த்தர் அல்ல, யோபின் நண்பன் பில்தாத். இதே பேச்சில்தான், 8:4-இல், பிள்ளைகளை இழந்து நிற்கும் தகப்பனிடம், உன் பிள்ளைகள் செய்த பாவத்தினால்தான் அவர்களுக்கு அப்படி ஆயிற்று என்ற பொருளில் பேசுகிறான். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர், எலிப்பாசும் (பில்தாத் உட்பட) அவனுடைய இரண்டு சிநேகிதரும் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கடிந்துகொள்கிறார். யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மை; 42:12 அதைச் சொல்கிறது. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தினால் அல்ல. இது தெரியாமல் 8:7-ஐ வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்பவர்கள், ஆறுதல் சொல்ல வந்து காயப்படுத்தியவனின் வாயிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள எபிரெயு மொழி தேவையில்லை. அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசித்தாலே போதும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு வருடத்தில் முழு வேதாகமம். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம். வாழ்நாளில் ஒருமுறையாவது செய்ய வேண்டியது என்பேன், ஏனென்றால் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஓடும் கதையின் போக்கு வேறு எப்படியும் பிடிபடாது. ஆனால் தொடங்குகிறவருக்கு இது படிப்பு ஆகாது. நாளைக்கான நான்கு அதிகாரத்தை முடிக்கும் அவசரத்தில் எரேமியா 29 வெறும் ஒரு டிக் அடையாளமாகப் போய்விடும். அதுவும் அந்த இடம் வரை வந்தால்தான்; பெரும்பாலும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. நின்றுவிட்டால் ஒரு குற்ற உணர்வு வேறு வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சுமை புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டாம்.

சரி, ஒத்தவாக்கியமும் கன்கார்டன்ஸும். இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. கன்கார்டன்ஸ், ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று பட்டியல் தரும். ஒத்தவாக்கியம், பக்க ஓரத்திலோ நடுவிலோ சின்ன எழுத்தில் இருப்பது, இந்த வசனத்தோடு பொருளால் தொடர்புடைய மற்ற இடங்களைக் காட்டும். நம் வசனத்தில் வரும் ‘நினைவுகள்’ என்பதைக் கன்கார்டன்ஸில் தேடிப் போனால், ‘என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல’ என்ற ஏசாயா 55:8 கிடைக்கும், சங்கீதங்களில் சில இடங்கள் கிடைக்கும், நோவா காலத்து மனுஷரின் பொல்லாத நினைவுகளும் கிடைக்கும். சொல் ஒன்றே என்பதற்காக எல்லாவற்றையும் கோத்து ஒரு செய்தி செய்துவிட முடியும். கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் ஏசாயாவும் எரேமியாவும் வேறு வேறு சூழலில் பேசினார்கள் என்பது அதில் மறைந்துபோகும்.

ஒத்தவாக்கியம் தரும் பலன் வேறு மாதிரி. முந்தைய வசனமான 29:10-இல் பாபிலோன் சிறையிருப்புக்கு எழுபது வருஷம் என்று வருகிறது. அங்கிருந்து ஒத்தவாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எரேமியா 25:11, 2 நாளாகமம் 36:21, அப்புறம் தானியேல் 9:2. அந்தக் கடைசி இடத்தில் நின்று வாசியுங்கள். பாபிலோனில் வயதாகிப்போன தானியேல், எரேமியா எழுதினதைப் புஸ்தகங்களில் வாசித்து, அந்த எழுபது வருஷக் கணக்கை அறிந்துகொள்கிறான். அறிந்ததும் கொண்டாடவில்லை. உபவாசம் பண்ணி, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டு ஜெபிக்கிறான். ஒரு வாக்குத்தத்தத்தை எப்படி வாசிப்பது என்று வேதாகமமே காட்டித் தரும் இடம் அது. இவ்வளவும் ஓரக்குறிப்பில் இருக்கும் ஒரு சின்ன எண்ணிலிருந்து கிடைக்கிறது.

ஆகவே இந்த இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டால், ஒத்தவாக்கியங்களோடு அச்சிட்ட வேதாகமத்தைத்தான் சொல்வேன். கன்கார்டன்ஸ் குறிப்பிட்ட ஒரு கேள்வியோடு வருகிறவருக்குப் பயன்படும்: கோபத்தைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது, கடனைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுபோல. கோபம் என்று தேடினால் எபேசியர் 4:26, யாக்கோபு 1:20, நீதிமொழிகளில் பல இடங்கள் என்று நல்ல அறுவடை உண்டு. ஆனால் கன்கார்டன்ஸ் பில்தாத்தையும் பவுலையும் ஒரே வரிசையில்தான் நிறுத்தும். பேசுகிறவர் யார் என்று பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருப்பவர்தான் அதைப் பாதுகாப்பாகக் கையாள முடியும்.

இப்போது நான் முதலில் சொன்ன முறைக்கு வருகிறேன். புத்தகமாக வாசிப்பது. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. எரேமியாவோ பவுலோ வசன எண் போட்டு எழுதவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள், ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பிலிருந்து வந்தவை. இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அவை பெரிய உதவி. ஆனால் ஒரு நிருபம் வந்தபோது சபையார் கூடி உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் முதலிலிருந்து கடைசிவரை கேட்டார்கள். கொலோசெயர் 4:16-இல் பவுலே சொல்கிறார்: இந்த நிருபம் உங்களிடத்தில் வாசிக்கப்பட்டபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கப்படச் செய்யுங்கள். கடிதத்தைக் கடிதமாக வாசிப்பதுதான் அதன் இயல்பு.

எரேமியா 29-உம் ஒரு கடிதம்தான். அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால் இது உடனே தெரியும். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜா எகொனியாவோடு எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு, எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். 28-இல் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். எரேமியா முதலில் என்ன சொல்கிறார் தெரியுமா? ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.’ அவருக்கும் அது நடந்தால் சந்தோஷம்தான். ஆனால் அது கர்த்தருடைய வார்த்தை இல்லை. பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா உடைத்துப் போடுகிறான். அதே வருஷத்தில் செத்துப்போகிறான். இந்தப் பின்னணியில்தான் 29-ஆம் அதிகாரக் கடிதம் போகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். எழுபது வருஷம் ஆகும். அதன் பிறகுதான் 11-ஆம் வசனம்.

அப்படியென்றால் கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்புவார்கள். இது புரிந்தபின் வசனத்தின் ஆறுதல் குறைந்துவிடுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்று அனனியாவும் சொல்வான். முடிய நாளாகும், ஆனாலும் நான் உங்களை மறக்கவில்லை என்பது வேறு வகை ஆறுதல். பல வருடமாக ஒரே விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அதுதான் தேவைப்படும். அட்டையில் இருந்த வசனமும் இதே வசனம்தான், ஆனால் அதன் முழு எடையும் இப்போதுதான் கைக்கு வருகிறது.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. எரேமியா 52 அதிகாரம், காலவரிசைப்படியும் அமைந்ததல்ல. தொடங்குகிறவர் அதை முழுதாக எடுத்தால் திணறிப்போவார். அதனால் நம் வசனத்துக்கு 27, 28, 29 மூன்று அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்தால் போதும் என்று சொல்லி, பழகுவதற்கு வேறு புத்தகம் தருவேன். யோனா நாலு அதிகாரம், 48 வசனம். ரூத்தும் நாலு அதிகாரம், 85 வசனம். பிலிப்பியர் நாலு அதிகாரம், 104 வசனம். யாக்கோபு ஐந்து அதிகாரம். ஆனால் அதில் ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சுக்குத் தாவல் அதிகம், முதல் புத்தகமாக வேண்டாம். வெளிப்படுத்தலில் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. பழைய ஏற்பாட்டின் வாசம் அதில் பக்கத்துக்குப் பக்கம் இருப்பதால், எசேக்கியேலும் தானியேலும் சகரியாவும் தெரியாமல் உள்ளே போனால் தெருவில் கேட்ட வதந்தியெல்லாம் விளக்கமாகத் தோன்றும்.

கதை பிடிக்கும் என்றால் ரூத். மற்றவர்களுக்கு என் தேர்வு பிலிப்பியர். சத்தமாக வாசித்தால் கால் மணி, இருபது நிமிடம். ஒரு வாரம் தினமும் முழுதாக வாசியுங்கள். எதையும் எழுத வேண்டாம். இரண்டாவது வாரம் பென்சிலும் நோட்டும் எடுங்கள். (பேனா வேண்டாம். வேதாகமத் தாள் மெல்லியது, மை அடுத்த பக்கத்தில் ஊறும்.) எழுதுகிறவர் எங்கே இருக்கிறார்? காவலில் கட்டுண்டு இருக்கிறார், முதல் அதிகாரத்திலேயே பல இடத்தில் வருகிறது. அப்படியிருந்தும் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது? சந்தோஷம். எப்பாப்பிரோதீத்து யார், எதற்காக வந்தார், அவருக்கு என்ன நேர்ந்தது? எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் பவுல் ஏன் தனியாகப் புத்தி சொல்கிறார்? ‘ஆகையால்’ என்று தொடங்கும் இடங்களை வட்டமிட்டு, அதற்கு முன்னால் என்ன சொல்லப்பட்டது என்று திரும்பிப் பாருங்கள். பிறகு அப்போஸ்தலர் 16-ஐ ஒருமுறை வாசியுங்கள். இந்தச் சபை எப்படித் தொடங்கியது என்று அங்கே இருக்கிறது. இரத்தாம்பரம் விற்கிற லீதியாள், நடுராத்திரியில் சிறைச்சாலையில் பாட்டு, தன்னைக் கொன்றுகொள்ளப்போன சிறைச்சாலைக்காரன். சிறையில் பாடினவர் சிறையிலிருந்து சந்தோஷத்தைப் பற்றி எழுதுகிறார் என்பது அப்போது உங்களுக்குத் தானாகவே தெரியும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம் 4:13-க்கு வாருங்கள். ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.’ பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளிடம் நாம் சொல்லி அனுப்பும் வசனம். இதற்கு முந்தின வசனம்: ‘தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்.’ திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். அந்த ‘எல்லாவற்றையும்’ எதைக் குறிக்கிறது என்று இப்போது உங்கள் நோட்டில் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு இந்த வசனத்தைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் மார்க் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கிற பெலன் இது என்றும் சேர்த்துச் சொல்லத் தெரிந்திருக்கும்.

இந்த முறையின் குறை, நிதானம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். தினமும் புது வசனம், புது ஆறுதல் என்று பழகினவருக்கு ஒரே நாலு அதிகாரத்தைத் திரும்ப வாசிப்பது சலிப்பூட்டும். துக்கத்திலோ பெரும் நெருக்கடியிலோ இருப்பவர் இப்போது இதைத் தொடங்க வேண்டாம். அவருக்குச் சங்கீதமும் கூட உட்கார்ந்து ஜெபிக்க ஒரு ஆளும் போதும்.

விளக்கவுரை பற்றி. பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டி 1804-இல் தொடங்கியபோது குறிப்போ விளக்கமோ சேர்க்காமல் வேத வசனத்தை மட்டும் அச்சிடுவது என்று விதி வைத்துக்கொண்டது. பல சபைப் பிரிவினரும் ஒரே வேதாகமத்தைப் பயன்படுத்த அது உதவியது. அதற்கு மாறாக விளக்கக் குறிப்புகளோடு வரும் ஸ்டடி பைபிளில், வசனம் மேலே, மனிதரின் விளக்கம் கீழே. இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் புதிதாக வாசிக்கிறவருக்கு இரண்டும் ஒரே கனத்தோடு உள்ளே போகும். விளக்கவுரை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம், அங்கே குடியுரிமை எவ்வளவு பெருமைக்குரியது, அதனால் ‘நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது’ என்ற 3:20 அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதெல்லாம் நன்கு படித்தவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் உங்கள் நோட்டு, பிறகு விளக்கவுரை. முடிந்தால் இரண்டு வேறு சபைப் பின்னணியிலிருந்து இரண்டு. அவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம்.

போன் ஆப் தேடுவதற்கும் மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதற்கும் நல்லது, நீண்ட நேரம் வாசிக்க அல்ல. கிரேக்க, எபிரெயு மூலச் சொற்களுக்கான எண்களைத் தட்டிப் பார்க்கும் வசதியை முதல் வருடம் தொடாமலிருப்பதே நல்லது. மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்புதான் ஆலயத்தில் கேட்பதும் மனப்பாடமாவதும். அதோடு 1995-இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் நீண்டு புரியாமல் போகும் இடங்களில் அது கைகொடுக்கும்.

கத்தோலிக்கப் பங்குகளில் பழக்கமுள்ள இறைவார்த்தைத் தியானத்தையும் சொல்ல வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ எழுதிவைத்தபடி நாலு படி: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், கடவுளின் பிரசன்னத்தில் அமைதியாக நிலைத்திருத்தல். இது படிப்புக்குப் போட்டியான முறை இல்லை. மூன்று வாரம் பிலிப்பியரோடு இருந்தபின் அதே 4:10-13-ஐ இப்படி எடுத்து உட்கார்ந்தால், அட்டையில் எடுத்த தனி வசனத்தில் கிடைக்காத ஆழம் கிடைக்கும்.

தனியாகப் படிப்பதா, கூட்டமாகவா? முடிந்தால் இன்னொருவரோடு. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவரே பேசி மற்றவர்கள் தலையாட்டும் வகுப்பைச் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர், ஒவ்வொருவரும் வாரம் முழுக்க அதே அதிகாரத்தை வாசித்துவிட்டு, அவரவர் நோட்டோடு வந்து உட்காருவது. எயோதியாளையும் சிந்திகேயாளையும் பற்றி, வீட்டில் மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு பெண் கேட்கும் கேள்வி எந்த விளக்கவுரையிலும் இருக்காது. உங்களுக்குப் புரியாத இடங்களை ஒரு பக்கத்தில் தனியாக எழுதி வையுங்கள். போதகரிடம் ‘இந்தப் புத்தகத்தில் இந்த மூன்று இடம் புரியவில்லை’ என்று போய் நின்றால் அவருக்கே அன்று சந்தோஷமாக இருக்கும்.

பிலிப்பியருக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் ரூத், அதன் பிறகு மாற்கு. 16 அதிகாரத்துக்கு மூன்று மாதமாவது ஆகும். கன்கார்டன்ஸும் விளக்கவுரையும் மாற்குவின் நடுவில், எட்டாம் அதிகாரத்தில் பேதுருவின் அறிக்கை வரும்போது வாங்கினால் போதும். அதற்குள் எதைத் தேட வேண்டும் என்ற கேள்விகள் உங்கள் நோட்டில் சேர்ந்திருக்கும்.